எதுவென்று தெரியாத இரண்டு டியூபுகள்

எச்சிலை ஏந்தி எண்ணிட்டுக் காத்த எங்கள் ஏந்தலே! பனிப்பெட்டி பேணிய பண்பின் பெட்டகமே! பிஞ்சுகளின் நெஞ்சறிந்து, அஞ்சி வந்தவரின் அச்சம் தணித்து, இருபத்தொன்பது ஆண்டுகள் இமை சோராது பணிபுரிந்து, இன்று இருக்கையை விட்டு எழுந்தாலும் எங்கள் இதயத்தை விட்டு எழாத இன்முகத் தாயே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

இந்தப் பிரிவுபசார மடலை இப்படித்தான் தொடங்கினோம். இந்த நடையிலேயே நான்கு பக்கம் எழுதி, போன திங்கட்கிழமை அச்செடுத்து, தாளை எடுக்க மறந்து பிரின்டரிலேயே விட்டுவிட்டோம். எடுத்தவர், மடலுக்கு உரிய அக்காவே. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே முழுவதையும் படித்தார்.

“ஏந்தல், பெட்டகம்... யாருப்பா இவங்கெல்லாம்? என் மூஞ்சியப் பாத்து இதப் படிச்சீங்கன்னா பாதியிலேயே எந்திரிச்சிப் போயிடுவேன். அப்புறம் மாலையைக் கையில வெச்சிக்கிட்டு நீங்கதான் நிக்கணும். சொல்லியே ஆகணும்னா, வேற யாரையோ பத்திச் சொல்ற மாதிரி சொல்லுங்க. நானும் வேற யாரோ மாதிரி உக்காந்து கேக்கறேன்.”

அக்கா சொன்னால் சொன்னதுதான். ஆகவே அவையோரே, இது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய மடல். முதல் வரிசையில் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் அம்மையாருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அந்த வேறு யாரோ, குழந்தைகளின் மனநலத்தை ஆராயும் ஒரு நிலையத்தில், சோதனைக்கான மாதிரிகளை வாங்கிப் பாதுகாக்கும் மாதிரி அறையைப் பார்த்துக்கொண்டவர். சின்னப் பிள்ளைகளின் பயமும் கவலையும் உடம்பில் எங்கே போய்த் தங்குகின்றன, வளர வளர என்ன ஆகின்றன என்று அறிய நூற்று அறுபத்து நான்கு பிள்ளைகளை ஆறு வயதில் சேர்த்துப் பதினெட்டு வயது வரை ஆண்டுக்கொரு முறை பார்ப்பது அங்கே நடந்த ஆய்வு. மனம் கலங்கினால் உடம்பில் ஊறும் ஒரு சுரப்பு எச்சிலில் தெரியும். ஆகவே காலையில் வாயில் எதுவும் படுமுன் பிள்ளை வந்து டியூபில் துப்ப வேண்டும். பின்தலையில் ஒரு சிறு கற்றை முடி. விழுந்த பால்பல் இருந்தால் அதுவும். எல்லாம் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசருக்குள் போகும். டியூபின் மேல் எண் மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. இது யாருடையது என்று பெட்டியைத் திறக்கும் எவருக்கும் தெரியக் கூடாது.

கேட்பதற்கு எளிது. ஆறு வயதுப் பிள்ளையிடம் “துப்பு” என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் சுவர், தரை, தம்பி என்று பார்க்காமல் துப்புகிற பிள்ளை டியூபைக் கண்டால் மட்டும் வாயைக் கெட்டியாக மூடிக்கொள்ளும். அக்காவின் வழி ஒன்றுதான்: பிள்ளை துப்புவதற்கு முன்னால் அவர் ஒரு டியூபை எடுத்துத் தானே துப்புவார். பிறகு இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து, யாருடையது கோடு வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்ப்பார். “நுரை கணக்கில்லை” என்பது அந்த அறையின் முதல் சட்டம். நுரையாலேயே கோட்டைத் தொட்டுவிட்டு வெற்றி கொண்டாடிய பிள்ளைகள் அந்தச் சட்டத்தை எதிர்த்துச் சண்டை போட்டிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள். ஒருவன் இயக்குநரிடமே போய்ப் புகார் கொடுத்தான். எச்சில் ஊறாத பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் நறுக்குவதை அக்கா வெறும் கையால் நடித்துக் காட்டுவார். அதைப் பார்த்து வாசலில் நிற்கும் எங்கள் வண்டி ஓட்டுநருக்கும் வாய் ஊறும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் துப்பக்கா. இயக்குநர் அக்காவைவிட இரண்டு வயது மூத்தவர், அவருக்கும் இவர் அக்காதான்.

ஆய்வின் முதலாண்டில் அக்கா இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். துப்பி முடித்த பிள்ளையிடம் அழியாத பேனாவைக் கொடுத்து, டியூப் மூடியின் மேல் பிடித்த படம் ஒன்றை வரையச் சொல்வார். “அவங்களோடதுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?” என்பது அவர் வாதம். எண்ணைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. ஆண்டு முடிவில் இயக்குநர் எழுத்து மூலமாக மெமோ கொடுத்தார். அக்கா மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார், பேனாவையும் ஒப்படைத்தார். அதன்பின் மூடியில் ஒரு கோடும் விழவில்லை.

அந்த முதலாண்டில் வந்தவள்தான் ஐம்பத்தெட்டாம் எண். இவளைப் பற்றி இங்கே சொல்ல இவளிடமே முறைப்படி படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அக்கா, கவலைப்படாமல் உட்காருங்கள், இரண்டு பிரதிகள் இருக்கின்றன. பெயர் சொல்ல மாட்டோம். சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பாள் என்பதால் அக்கா அவளைப் பொத்தான் என்று கூப்பிட்டார். வீட்டில் அம்மாவின் காதில் மட்டும் கிசுகிசுப்பாள். வீட்டு வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பள்ளியில் ஒரு வருடமாக அவள் குரலைக் கேட்டவர் இல்லை. பேசத் திறக்காத வாய் துப்பவும் திறக்கவில்லை. அக்கா தன் டியூபில் துப்பிக் காட்டிவிட்டு, “சரி, அடுத்த வாரம் பாக்கலாம்” என்று அனுப்பிவிடுவார். இப்படிப் பதினொரு வாரம். “இந்த ஒரு பிள்ளைய விட்டுடலாமே” என்று சொன்னவர்களின் பேச்சை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பன்னிரண்டாவது வாரம் பொத்தான் துப்பினாள். நுரையில்லாமல், கோடு வரைக்கும். மூடியின் மேல் ஒரு வட்டம் போட்டு, நடுவில் இரண்டு புள்ளி வைத்தாள். டியூப் பெட்டிக்குள் போவதையும் பெட்டி ஃப்ரீசருக்குள் போவதையும் நின்று பார்த்தாள். அக்கா குனிந்து, “இது தொலையாது. நான் பாத்துக்கறேன்” என்றார்.

மறு ஆண்டு வந்தபோது கதவருகிலேயே நின்று, எல்லோரும் கேட்க, “என்னோடது இருக்கா?” என்றாள். வீட்டுக்கு வெளியே அவள் பேசிய முதல் சொற்கள் அவை என்று அவளுடைய அம்மா பிறகு சொன்னார். “பத்திரமா இருக்கு” என்றார் அக்கா. அன்று அது உண்மை.

மூன்றாம் ஆண்டில் நாங்கள் இருவர் வேலைக்குச் சேர்ந்தோம். இதை எழுதுகிறவர் ஒருவர், இதை வாசிக்கிறவர் மற்றவர். அக்கா பயிற்சி ஒன்றுக்காக வெளியூர் போயிருந்த வாரம், முதலாண்டு டியூபுகளின் பழைய லேபிளை உரித்துவிட்டுப் புது லேபிள் ஒட்டும் வேலை எங்களிடம் வந்தது. டியூபைக் குளிர்தட்டில் வைத்து, மேலே படிந்த பனியைச் சுத்தமாகத் துடைத்துக் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்று அக்கா எழுதியே வைத்திருந்தார். நாங்கள் பெரிய கெட்டிக்காரர்கள் அல்லவா? பனியின் மேலேயே ஒட்டினோம். லேபிள் இருக்கும்போது வரிசை எதற்கு என்று பெட்டிக்குள் கைக்கு வந்தபடி அடுக்கினோம். ஒரே நாளில் நூற்று நாற்பத்து நான்கு. இருபதுதான் பாக்கி. எங்களை நாங்களே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை இழுப்பறையைத் திறந்தால், லேபிள்கள் எல்லாம் அடியில் உதிர்ந்து கிடந்தன. டியூபுகள் மொட்டையாக நின்றன. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறு வயதின் எச்சிலை எட்டு வயதுப் பிள்ளையிடம் திரும்பக் கேட்க முடியாது. பதற்றத்தில் நாங்கள் செய்த அடுத்த காரியம், ஒவ்வொரு மூடியின் மேலும் இருந்த பனியைத் துணியால் அழுத்தித் துடைத்தது.

அக்கா திரும்பி வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தோம், திட்டவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு ஒரு டியூபை எடுத்து மூடியைப் பார்த்தார். “பஸ்ஸு. இது முப்பத்தேழு. சக்கரம் மூணுதான் போட்டிருந்தான். நாலாவது எங்கடான்னேன், அந்தப் பக்கம் இருக்குன்னான்.” அடுத்தது. “பூனை. நூத்திப் பதினொண்ணு. வாலு மூடியில எடம் பத்தலைன்னு அழுதா.”

இயக்குநருக்கு வியப்பு ஒருபுறம், சந்தேகம் ஒருபுறம். ஞாபகத்தை நம்பி ஆய்வு செய்ய முடியாது. லேபிள் மாற்றாமல் பாக்கியிருந்த இருபது டியூபுகளின் எண்ணைத் தாளால் மூடி, மூடிப் படத்தை மட்டும் அக்காவிடம் ஒவ்வொன்றாகக் காட்டினார். இருபதுக்கு இருபது. மெமோ கொடுத்த மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த மெமோவைத் திரும்பத் தருமாறு பின்னர் கேட்டார். அக்கா அதற்கு முன்பே சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

இரண்டு நாளில் நூற்று நாற்பத்து இரண்டுக்கு எண் கிடைத்தது. மிச்சம் இரண்டு. இரண்டின் மேலும் வெறும் வட்டம். ஒன்று பொத்தான் வரைந்த பொத்தான். மற்றது தொண்ணூற்றொன்றாம் எண் பையன் வரைந்த பந்து. பொத்தானின் உள்ளே இருந்த இரண்டு சிறு புள்ளிகளை, அழியாத மை என்றும் பாராமல், எங்கள் துணி துடைத்து எடுத்துவிட்டது.

அக்கா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருவர், மரபணுவைச் சோதித்தால் தெரிந்துவிடுமே என்றார். அக்கா பெற்றோர் கொடுத்த அனுமதிப் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். “அதுக்கு நாம கையெழுத்து வாங்கலை.” இயக்குநர் கடைசியாகக் கேட்டார்:

“மனசுல எது தோணுதோ அதச் சொல்லுங்கக்கா. தப்பாவே போனாலும் ரெண்டு பேருதான.”

“ரெண்டு பேருதானன்னு எனக்குச் சொல்ல வராது சார். தெரியலைன்னா தெரியலை.”

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கும் காப்பாற்றப்பட்டது போலவே இருந்திருக்கும். அக்கா இரண்டு டியூபுகளையும் தனியாக ஒரு சிறு பெட்டியில் வைத்து, அதன் மேல் “தெரியாது” என்று எழுதி, ஃப்ரீசரின் அடித்தட்டில் வைத்தார்.

அந்த ஆண்டு பொத்தான் வந்த நாள் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொண்ணூற்றொன்றாம் எண் பையன் முதல் வாரமே வந்து, விஷயத்தைக் கேட்டு, “பரவால்ல” என்று சொல்லிவிட்டு ஓடிப்போயிருந்தான். பெற்றோருக்குக் கடிதம் போட்டால் போதும், பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று விதியில் இல்லை என்று இயக்குநர் சொல்லியிருந்தார். கடிதமும் போயிருந்தது. பொத்தான் நேராக வந்து அக்கா முன்னால் நின்று கேட்டாள்: “என்னோடது இருக்கா?”

பின்னால் நின்ற அம்மா, இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அக்கா அந்தக் கண்ணைப் பார்த்தார், பிறகு பிள்ளைக்குச் சரியாகக் குனிந்தார்.

“தெரியலைம்மா. ரெண்டு டியூப் இருக்கு. ஒண்ணு உன்னோடது. எதுன்னு எனக்குத் தெரியலை. தொலையாதுன்னு சொன்னேன், அத என்னால காப்பாத்த முடியலை.”

பொத்தான் கையிலிருந்த புது டியூபை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அம்மா மட்டும் கதவருகில் திரும்பி நின்றார். “இப்பதான் வாயத் தொறந்தா. ஒரு பொய் சொல்லியிருந்தா என்னங்க கெட்டுப் போயிருக்கும்?” என்று கேட்டார். தவறு செய்த நாங்கள் இருவரும் இரண்டடி தள்ளி நின்றோம். எங்களைக் காட்டிக் கொடுக்க அக்காவுக்கு ஒரு விரல் போதும். காட்டவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, இந்தப் பதினொரு ஆண்டுகளில் எவரிடமும் அவர் எங்கள் பெயரைச் சொன்னதில்லை. “மாதிரி அறையில நடந்தா அது என் தப்பு” என்பதோடு முடித்துவிட்டார். இன்று இத்தனை பேர் முன்னால் நாங்களே சொல்கிறோம்: தப்பு எங்களுடையது.

மறு ஆண்டு பொத்தான் வரவில்லை. அதற்கு அடுத்த ஆண்டும் இல்லை. அவளுடைய முறை வரும் நாளில் அக்கா ஐம்பத்தெட்டு என்று லேபிள் ஒட்டிய காலி டியூப் ஒன்றைத் தட்டில் எடுத்து வைப்பார். ஆண்டு முடியும்போது பதிவேட்டில் “வரவில்லை” என்று எழுதுவார். இப்படி ஒன்பது டியூபுகள். நடுவில் ஒருநாள், எதற்கு வீணாக எடுத்து வைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டோம். “வந்து நின்னு, என் டியூப் எங்கன்னு கேட்டா, அதுக்கும் தெரியலைன்னு சொல்லச் சொல்றியா?” என்றார்.

பிள்ளைகளுக்குப் பதினெட்டு நிறைந்ததும், முன்பு பெற்றோர் போட்ட கையெழுத்து செல்லாது. உன் மாதிரிகளை வைத்திருக்கலாமா, அழித்துவிடலாமா என்று அவர்களையே கேட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும். சென்ற ஆண்டு அனுப்பினோம். பெரும்பாலும் தபாலிலேயே பதில் வந்தது. ஒருநாள் காலையில் கதவைத் தட்டிவிட்டு உயரமான ஒரு பெண் உள்ளே வந்தார். பதினெட்டு நிறைந்துவிட்டதால் இனி மரியாதையாகவே எழுதுகிறோம். கையில் படிவம். அது இன்னும் நிரப்பப்படவில்லை.

“அந்த ரெண்டு டியூபும் இன்னும் இருக்கா?” என்று கேட்டார்.

குரலை வைத்து அல்ல, கேள்வியை வைத்து அக்கா கண்டுகொண்டார். போய், அடித்தட்டிலிருந்து அந்தச் சிறு பெட்டியை எடுத்து, உலர்பனித் தட்டில் இரண்டையும் வைத்துக் கொண்டுவந்தார். பொத்தான் குனிந்து பார்த்தார். இந்த மூடியைப் பார்த்தார், அந்த மூடியைப் பார்த்தார். மறுபடி முதல் மூடிக்கு வந்தார். நாங்கள் இருவரும் அதே இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தோம்.

“எனக்கும் தெரியலை அக்கா” என்றார்.

அக்கா சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். வந்தது அழுகை. இருபத்தொன்பது ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகளின் அழுகையைத் துடைத்தவர், தன்னுடையதைத் துடைக்கக் கையுறையைக் கழற்றத் தெரியாமல் நின்றார். பொத்தான்தான் கழற்றிவிட்டார்.

“அன்னைக்கு வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட கத்தினேன். அவ்வளவு சத்தமா அதுக்கு முன்னாடி நான் பேசினதே இல்லை. அப்புறம் இங்க வர வெட்கமா இருந்துச்சு. வருஷம் போகப் போக இன்னும் வெட்கம்.” சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுக்கொண்டார். “எனக்குச் சின்ன வயசுல எல்லாரும் ஒண்ணுதான் சொன்னாங்க. சரியாயிடும், சரியாயிடும். டாக்டர், டீச்சர், அப்பா, எல்லாரும். எனக்குத் தெரியலைன்னு என்கிட்ட சொன்ன ஒரே பெரியவங்க நீங்கதான். அதனால நீங்க சொன்ன மத்ததெல்லாம் உண்மைன்னு நம்பினேன்.”

மேசையில் வைத்தே படிவத்தை நிரப்பினார். வைத்திருக்கலாம் என்ற கட்டத்தில் குறியிட்டார். கையெழுத்துப் போட்டதும் அக்கா இழுப்பறையைத் திறந்து, அந்த ஆண்டுக்கென எடுத்து வைத்திருந்த காலி டியூபை நீட்டினார். ஐம்பத்தெட்டு. பொத்தான் அதை வாங்கி, லேபிளைப் படித்து, அக்காவை ஒரு பார்வை பார்த்தார்.

“நுரை கணக்கில்லை, தெரியும்” என்றார்.

அக்காவும் தன் பங்குக்கு ஒரு டியூபை எடுத்தார். யார் ஜெயித்தார்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை.

இனி வேறு யாரோ மாதிரி பேசியது போதும். அக்கா, உங்களைத்தான். எழுந்து போக வேண்டுமானால் போகலாம், ஆனால் கதவருகில் வண்டி ஓட்டுநரை நிறுத்தியிருக்கிறோம். பண்பாளரே, பனிப்பெட்டியின் பாதுகாவலரே என்றெல்லாம் இப்போதும் எழுதக் கை பரபரக்கிறது. எங்களுக்குத் தெரிந்த உண்மை சிறியது. நீங்கள் எங்களுக்கு லேபிள் ஒட்டக் கற்றுக் கொடுத்தீர்கள், நாங்கள் கவனிக்கவில்லை. எங்களுக்காகத் தலைகுனிந்து நின்றீர்கள், அதை மட்டும் கவனித்தோம். உங்களை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நாளைக் காலை, புதிதாகத் தொடங்கியிருக்கும் அடுத்த ஆய்வின் முதல் பிள்ளை வந்து “துப்பக்கா எங்க?” என்று கேட்கும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொல்லிவிடுவோம்.

மடலின் முடிவில் நீடூழி வாழ்க, நோயின்றி நூறாண்டு காண்க என்று எழுதுவது மரபு. நிச்சயமாகத் தெரியாததை எழுதினால் நீங்கள் ஒப்ப மாட்டீர்கள். எத்தனை ஆண்டு என்று எங்களுக்குத் தெரியாது. ஏராளமாக இருக்க வேண்டும், முழங்கால் வலி இல்லாமல் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறையாவது இந்தப் பக்கம் வந்து எங்களைக் குறை சொல்ல வேண்டும் என்று மனமார வேண்டுகிறோம். அது நிச்சயம்.

அன்பு குறையாது கையொப்பமிடும்
மாதிரி அறைப் பணியாளர்கள் அறுவர்
(இவர்களில் லேபிள் ஒட்டியவர் இருவர்)

பின்குறிப்பு: சட்டம் போட்ட இந்த மடலை அந்த மெமோவுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளவும். கீழ் மூலையில் ஒரு நீலப் பொத்தான் ஒட்டியிருக்கிறது, இரண்டு துளை உள்ளது. அதைக் கொடுத்தவர் இன்று இந்த அரங்கில் இருக்கிறாரா, இருந்தால் எந்த வரிசையில் என்று எங்களிடம் யாரும் கேட்க வேண்டாம், சொல்ல விதியில் இடமில்லை. ஒட்டியது நாங்கள் இருவரும்தான். துடைத்து, காயவிட்டு, அதற்குப் பிறகுதான் ஒட்டினோம் அக்கா.